பூட்டுப் போட்ட இணையதளம்

அந்தக் கல்வி நிலையத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு குழு போடுவார்கள். நடக்கக் கூடாதென்றாலும் குழுதான். இரண்டுக்கும் அதே ஆட்கள், அதே அறை, அதே பிஸ்கட் என்பதால், காரியம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று குழுவில் இருப்பவர்களுக்கே கடைசிவரை தெரியாது. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்தபோது போட்ட குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. அது முடிவெடுக்கும்வரை உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இடைக்கால ஏற்பாடு.

இங்கே மருந்துக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாத்திரை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்குக் கோபம் கிளம்பி வாய்வரைக்கும் வருவதற்குள் வகுப்பு மணி அடித்துவிடும். நல்ல வாத்தியார். எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்த மனிதரோடு எந்த மனிதரைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அவருடைய அக்காவும் ஒரு மருந்துக்கடையில்தான் இருந்தாள். கவுண்டரில் நின்றே பாதி வயசைக் கழித்தவள். புதிதாக ஒரு சட்டம் வந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது.

"வருஷக் கடைசிக்குள்ள வாங்கிடும்மா. இல்லன்னா உன்ன நிக்கவைக்க முடியாது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் கடை முதலாளி. கஷ்டப்பட்டுக்கொண்டே தன் மச்சினன் மகளை அந்த இடத்துக்குப் பேசியும் வைத்திருந்தார்.

அக்காவுக்குச் சாயங்கால வகுப்புக்கு வர முடியாது. சாயங்காலம்தான் கடையில் கூட்டம் அலைமோதும். அந்தச் சமயத்தில்தான் கல்வி நிலையம் இந்தப் பருவத்திலிருந்து பாடங்கள் இணையவழியில் வரும் என்று அறிவித்தது. வாத்தியார் அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஓடினார்.

"ஃபோன்லயே பாடம் வந்துடும்க்கா. ஆள் இல்லாத நேரமாப் பாத்து கடையில உக்காந்தபடியே படிச்சுக்கலாம். நான்தானே சொல்லிக்குடுக்கறேன்."

"நீ சொன்னா சரிடா" என்று அக்கா சேர்ந்துவிட்டாள். அவளைப்போலவே இன்னும் பல கடைகளிலிருந்து பலர் சேர்ந்தார்கள். தம்பி சொன்னால் அக்காவுக்குப் போதும்.

பாடங்கள் எல்லாம் தயார். அவற்றை இணையதளத்தில் ஏற்றி, வரிசையாக அடுக்கி, மாணவர்கள் கையில் சேர்க்க ஒரு மென்பொருள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று பெயர். வாத்தியார் அதைச் சிஸ்டம் என்றார். உலகத்தில் அப்படி எத்தனையோ சிஸ்டங்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாமே என்று அவர் நிலையத்தின் தலைவரிடம் போய்க் கேட்டார்.

தலைவர் பெரிய மேஜைக்குப் பின்னால் சின்னதாகத் தெரிகிறவர். கேள்வியைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அவசரப்பட்டு ஒரு நல்லது செஞ்சிட்டோம்னு வைங்க. யாரைக் கேட்டு செஞ்சீங்கன்னு ஒரு கேள்வி வரும். பதில் சொல்ல முடியாது. கெட்டதா இருந்தாலும் எல்லாரையும் கேட்டு செஞ்சா, கேள்வியே வராது. இத்தனை வருஷமா இந்த நாற்காலியில நான் எப்படி இருக்கேன்னு நினைக்கறீங்க?"

வாத்தியார் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை.

உடனே குழு அமைந்தது. தலைவர், பதிவாளர், நூலகர், வெளியிலிருந்து ஓர் ஆலோசகர். கேள்வி கேட்டவரைக் குழுவில் போட்டுவிட்டால் அவர் மறுபடி கேட்க மாட்டார் என்பது நிலையத்தின் நெடுநாள் அனுபவம். அதனால் வாத்தியாரையும் போட்டார்கள். குழு முடிவெடுக்கும்வரை வேறு எந்த வழியிலும் மாணவர்களுக்குப் பாடம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது பாடமாகவே கருதப்படாது, பரீட்சை எழுத அனுமதியும் கிடையாது என்று பதிவாளர் முதல் நாளே ஓர் ஆணை போட்டார். குழு இன்னும் உட்காரக்கூட இல்லை.

வாத்தியார் அக்காவிடம் பாடங்களின் கையெழுத்துப் பிரதியை ரகசியமாகக் கொடுக்கப் பார்த்தார். அவள் வாங்கவில்லை. "மத்தவங்களுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்குடா? யாராவது பாத்து உன் வேலைக்கு வேட்டு வெச்சா, ரெண்டு பேரும் சேர்ந்து தெருவுல நிக்கணும்" என்றாள்.

முதல் கூட்டத்தில் ஆலோசகர் பேசினார். டை கட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் அதைத் தடவிக்கொடுத்தார்.

"நமக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியாது. அத முதல்ல நாம ஒத்துக்கணும்."

"எனக்குத் தெரியுமே. பாடத்த ஏத்தணும்" என்றார் வாத்தியார்.

"அது தீர்வு சார். நாம இன்னும் பிரச்சினைக்கே வரல" என்றார் ஆலோசகர். தலைவர் அதைக் கேட்டு, கொடுக்கும் கூலி வீண்போகவில்லை என்பதுபோல் தலையாட்டினார்.

தேவைகளைச் சொல்லச் சொன்னார்கள். இந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதை நீக்க மாட்டார்கள். நீக்கினால் சொன்னவர் மனம் நோகும், மனம் நொந்தவர் அடுத்த கூட்டத்தில் நம்முடையதை நீக்குவார். அதனால் எல்லாம் சேர்ந்துகொண்டே போனது.

"என் கையெழுத்தும் முத்திரையும் இல்லாம ஒரு வரிகூட வெளிய போகக் கூடாது. முத்திரைன்னா மை முத்திரை" என்றார் பதிவாளர். அவர் முத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். பை எப்போதும் ஊதா நிறத்தில் இருக்கும்.

"பாடத்தை யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது. எங்கிட்டேர்ந்து போன புத்தகம் எதுவும் திரும்பி வந்ததில்ல. இருந்த இடத்துலயே நின்னு படிச்சிட்டுப் போகட்டும்" என்றார் நூலகர்.

"கரண்ட் போனாலும் பாடம் தெரியணும்" என்றார் பதிவாளர் மறுபடியும்.

"கடவுச்சொல் வேண்டாம். நான் மறந்துடுவேன்" என்றார் தலைவர்.

"கடவுச்சொல் இல்லன்னா பாதுகாப்பு என்ன ஆகறது?" என்று நூலகர் இழுத்தார்.

ஆலோசகர் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தினார். "சாவி மாதிரி ஏதாவது இருக்கலாம்" என்றார். தலைவருக்குப் பிடித்துவிட்டது. அந்த உற்சாகத்தில் இன்னொன்றும் கேட்டார்.

"நான் ரூம்லேர்ந்து வெளிய வந்தா சிஸ்டம் நேரா கண்ணுல படணும். நிர்வாகம்னா ஒரு கண்ணு வெச்சிருக்கணும் இல்லையா?"

"மாணவங்க ஃபோன்ல படிக்க முடியணும்" என்றார் வாத்தியார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டார். மற்றதெல்லாம் கட்டாயத் தேவைகள். இது மட்டும் 'இருந்தால் நல்லது' என்ற தலைப்பின் கீழ் போனது.

பிறகு கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் சிஸ்டத்தைக் காட்டினார்கள். முதலில் வந்தவர் வாய் ஓயாமல் பேசினார். படம் வரும், பேச்சு வரும், கேள்வி கேட்கும், பதிலைத் திருத்தும் என்றார். பதிவாளர் எழுந்து போனார். சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து வாயால் ஊதி, கணினித் திரையின்மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பிறகு பக்கத்தை நகர்த்தச் சொன்னார். பாடம் மேலே போனது. முத்திரை அங்கேயே நின்றது.

"பாடம் ஓடுது, முத்திரை நிக்குது. இது செல்லாது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கம்பெனிக்காரர் கைக்குட்டையால் திரையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊதா பரவியது.

அடுத்து வந்த பெண் ஓர் இலவச சிஸ்டத்தைக் காட்டினாள். பல நாடுகளில் பெரிய பெரிய கல்லூரிகளே இதைத்தான் வைத்திருக்கின்றன, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றாள். வாத்தியார் மனதுக்குள் துள்ளினார். தலைவர் முகம் சுருங்கியது.

"இலவசம்னா, கெட்டுப்போனா நாம யாரைத் திட்றது?"

"யாரையும் திட்ட வேண்டாம் சார். எல்லாரும் சேர்ந்து சரிபண்ணிப்பாங்க."

"திட்ட ஆள் இல்லாத ஒரு பொருளை இந்த நிலையத்துல எப்படிம்மா வெச்சுக்கறது?" என்றார் தலைவர். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

மூன்றாவதாக வந்தவரிடம் நூலகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பாடங்கள் எந்த அலமாரியில் இருக்கும்? அவர் வேறு நாட்டில் ஒரு கட்டடத்தில் இருக்கும் என்றார். அப்படியானால் தூசி தட்டுவது யார் என்றார் நூலகர். வந்தவர் கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்படியே வாரங்கள் போயின. அக்கா தினமும் கடையிலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, பாடம் வந்துச்சா?"

"பாத்துட்டு இருக்காங்கக்கா."

"எதைடா பாக்கறாங்க? முதலாளியோட மச்சினன் பொண்ணு இன்னிக்கு வந்து கவுண்டரைப் பாத்துட்டுப் போச்சு. ஸ்டூல் உயரம் சரியா இருக்கான்னு உக்காந்தே பாத்துச்சு" என்றாள் அக்கா. வாத்தியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடைசியில் மதிப்பெண் போடும் நாள் வந்தது. ஆலோசகரின் தொழில்முறைப்படி, புதிய சிஸ்டங்களோடு இப்போது வழக்கத்தில் இருக்கும் ஏற்பாட்டுக்கும் ஒப்பீட்டுக்காக மதிப்பெண் போட வேண்டும். இப்போது என்ன வழக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். தலைவரின் அறைக்கு எதிரே, நடைவழிச் சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை இருக்கிறது என்றார்கள். சரி, அதையும் போடுங்கள் என்றார்.

முத்திரை பதியுமா? பதியும். யாராவது எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது, பூட்டு இருக்கிறது. கரண்ட் போனால் தெரியுமா? பகலில் தெரியும். கடவுச்சொல்? கிடையாது. சாவி? தலைவரிடம். அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணில் படுமா? இடித்துக்கொள்ளும் அளவுக்குப் படும்.

ஆலோசகர் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டிப் பார்த்தார். டையைத் தடவுவதை நிறுத்தினார்.

"என் அனுபவத்துல இவ்வளவு தெளிவான முடிவ நான் பாத்ததே இல்ல. எல்லாக் கட்டாயத் தேவையும் பூர்த்தியாகுது. இதுக்கு முன்னாடி எந்த நாட்டுலயும் எந்த சிஸ்டமும் இப்படி ஆனதில்ல."

"சார், அது பலகை" என்றார் வாத்தியார்.

"அமைப்புன்னு சொல்லுங்க. பலகைங்கறது அதோட வெளித்தோற்றம்" என்றார் பதிவாளர்.

"ஃபோன்ல எப்படி சார் வரும்?"

அந்தக் கேள்விக்கும் மதிப்புக் கொடுத்தார்கள். பலகைக்கு எதிரே ஒரு கேமராவைப் பொருத்தி, அது காட்டுவதை இணையதளத்தில் விட்டுவிட்டால் இணையவழிக் கல்வி ஆகிவிடும் என்று ஆலோசகர் கண்டுபிடித்தார். கேமராவுக்கு ஒலி உண்டா என்று வாத்தியார் கேட்டார். தேவைகளில் ஒலி இல்லை என்றார்கள்.

திறப்பு விழாவில் தலைவர் நாடாவை வெட்டி, பூட்டில் சாவியைப் போட்டார். திரும்பவில்லை. யாரோ எண்ணெய் கொண்டுவந்தார்கள். எண்ணெய் ஊறும்வரை தலைவர் பேசினார். "தொழில்நுட்பத்தைப் பாத்து நான் பயந்ததே இல்ல. ஏன்னா அதை நான் கிட்டயே விட்டதில்ல" என்றார். கைதட்டினார்கள்.

பாடம் வர ஆரம்பித்தது. வந்ததற்கு வாத்தியார் நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கேமராவில் தெரிய எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் பலகையில் ஒரு பக்கம்தான் பிடிக்கும், பக்கத்தை மாற்றப் பதிவாளரின் முத்திரையும் தலைவரின் சாவியும் ஒரே நாளில் ஊரில் இருக்க வேண்டும். முதல் பக்கம், 'வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இந்த வலி மாத்திரையை' என்பதோடு முடிந்தது. அடுத்த பக்கம், 'தரவே கூடாது' என்று ஆரம்பித்தது. அது வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் வாத்தியார் ஊரில் இருக்கும் வயிற்றுப்புண்காரர்களை நினைத்து நினைத்துத் தூங்கவில்லை.

அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, பலகைக்கு முன்னால யாரோ முதுகைக் காட்டிட்டு நிக்கறாரு. நகரச் சொல்லேன்."

அது தலைவரின் முதுகு. அவர் தினமும் அறையிலிருந்து வெளியே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் சிஸ்டத்தைப் பார்த்து ரசிப்பார். அவர் போனதும் நூலகர் வருவார். அவருக்கு அந்தக் கண்ணாடியில் தலைவாரிக்கொள்ளும் வழக்கம். "பாடத்தைவிட அவரோட சீப்பு தெளிவாத் தெரியுதுடா" என்றாள் அக்கா.

பரீட்சை நெருங்கியது. வாத்தியாருக்கு அன்றைக்குத்தான் கோபம் மணி அடிப்பதற்குள் வந்து சேர்ந்தது. நேரே நடைவழிக்குப் போனார். பலகைக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்து, வாயைத் திறக்காமல் பாடம் நடத்த ஆரம்பித்தார். வயிற்றுப்புண் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். மாத்திரையை எடுத்துக் காட்டினார். விரலை ஆட்டி, கூடாது என்றார். குழந்தைக்கு அளவு சொல்லும்போது இல்லாத குழந்தையைத் தூக்கி, இல்லாத தராசில் வைத்து, எடையைப் பார்த்தார். நடைவழியில் போனவர்கள் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். கடைகளில் ஃபோனை டப்பாவில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. "இப்பத்தான்டா மண்டையில ஏறுது" என்றாள் அக்கா. அன்றிலிருந்து தினமும் நடந்தது.

பதிவாளர் விசாரணைக்குக் கூப்பிட்டார். குற்றச்சாட்டைத் தலைவரே படித்தார்.

"மாணவங்களுக்கும் பாடத்துக்கும் நடுவுல நீங்க நிக்கறதா புகார் வந்திருக்கு."

"சார், நான் வாத்தியார். அங்கதான் நிக்கணும்."

"ஒத்துக்கறாரு. எழுதிக்கோங்க" என்றார் தலைவர்.

தண்டனை ஒன்றும் கடுமையாக இல்லை. பலகைக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். பாடம் நடத்துகிறவர் யாரும் அதைத் தாண்டக் கூடாது. தலைவருக்கு விலக்கு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் கேமராவில் வாத்தியாரின் காதுகூடத் தெரியாது.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "ஏன்டா நீ வரல? வெறும் பலகைதான் தெரியுது." விஷயத்தைச் சொன்னார். அவள் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னும் கால்வாசிப் பாடம் பாக்கி இருக்கே. சரி, நான் நேர்ல வரேன்" என்றாள்.

கடையில் லீவு கேட்டுக்கொண்டு வந்தாள். முதலாளி லீவைச் சிரித்துக்கொண்டே கொடுத்தாராம். அந்தச் சிரிப்புதான் தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். அவளைப்போலவே மற்றக் கடைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் நடைவழியில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் கேட்டுத் தலைவர் அறையிலிருந்து வந்தார். கூடவே ஆலோசகரும் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தலைவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? வீட்டுல இருந்தவங்களயே நேர்ல வரவழைச்சிருக்கு. எந்த நாட்டு இணையவழிக் கல்விக்கு இந்த சக்தி உண்டு?" என்றார். பிறகு முன்னால் நின்ற அக்காவிடம், "சொல்லும்மா, சிஸ்டம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவள் நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் இருக்குங்கய்யா. பாடத்தோட சேர்த்து இவனையும் உள்ள வெச்சுப் பூட்டியிருந்தீங்கன்னா, நான் லீவு போட்டுட்டு வந்திருக்க வேண்டாம். என் வேலைக்கும் ஆபத்து வந்திருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் டையைத் தடவினார். பலகையோடு சேர்த்துப் பூட்டப்பட்டவர் கோட்டைத் தாண்டியவர் ஆகமாட்டார், முத்திரைக்கு இடைஞ்சல் இல்லாமல், சாவிக்குக் கட்டுப்பட்டு ஆசிரியர் இருக்க முடியும் என்றால், எந்தக் கட்டாயத் தேவையும் மீறப்படவில்லை என்றார். பயனாளர் தரப்பிலிருந்தே வந்த யோசனை என்பது கூடுதல் சிறப்பு.

சாயங்காலத்துக்குள் தச்சரை வரவழைத்துவிட்டார்கள். நிலைய வரலாற்றில் குழு இல்லாமல் நடந்த முதல் காரியம் அது. பலகையை முன்னால் இழுத்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கண்ணாடிப் பெட்டி அடிக்கலாம் என்றார் தச்சர். வாத்தியாரை நிற்க வைத்துத் தோளுக்குத் தோள் அளந்தார்.

"மூச்சு விடாம நில்லுங்க சார்."

வாத்தியார் நின்றார். அவமானமாக இருக்க வேண்டும், ஆனால் அவருக்கு அப்படித் தோன்றவில்லை. திங்கள்கிழமையிலிருந்து அக்கா கடையிலேயே இருக்கலாம், ஸ்டூலை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. அந்த நினைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது. ஒன்று மட்டும் கேட்டார்.

"கேமராவுல ஒலி மட்டும் வர மாதிரி பண்ண முடியுமா சார்?"

"ஒலியா? அது புதுத் தேவை. அதுக்கு ஒரு குழு போடணும்" என்றார் தலைவர்.

பரீட்சைக்கு இருந்த நாட்களை எல்லோரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். அக்காதான் முதலில் பேசினாள்.

"குழுவெல்லாம் வேணாம்யா. டேய், நீ வாயைப் பெரிசா அசைச்சு சொல்லு. நான் புரிஞ்சுக்கறேன். எங்க, சொல்லிக் காட்டு."

வாத்தியார் தச்சரின் அளவுநாடா தோளில் கிடக்க, சத்தமில்லாமல் வாயை அசைத்தார். அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் உதட்டையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "குழந்தைக்கு... வயசைப் பாத்துக் குடுக்காதே... எடையைப் பாத்துக் குடு."

பின்னால் நின்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தச்சர், அசையாதீங்க சார், அளவு மாறுது என்றார்.

"பாத்தீங்களா? ஒலியே தேவையில்ல" என்று தலைவர் ஆலோசகரின் தோளில் தட்டினார். ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டார்.